நூற்று எண்பத்தாறு

ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலில் கோல் அம்பயர் என்று ஒருவர் உண்டு. கம்பங்களுக்கு அடியில் நின்றுகொண்டிருப்பார். பந்து நடுக் கம்பங்களுக்கு இடையே போய்விட்டால் இரு சுட்டுவிரல்களையும் நீட்டிக் காட்டுவார். அப்புறம் இரண்டு வெள்ளைக் கொடிகளை எடுத்து ஆட்டுவார். எதிர்முனையில் நிற்கும் இன்னொரு அம்பயரும் அதைப் பார்த்துக் கொடி ஆட்டுவார். கணக்கு சரி என்று அர்த்தம்.

2011 ஜூலை 30, சனிக்கிழமை. மெல்பர்னிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஜீலாங் நகரத்தின் கார்டினியா பார்க் மைதானம். அன்று ஜீலாங் அணிக்காக அந்த இரட்டைக் கொடிகள் 37 முறை ஆடின. எதிரணியான மெல்பர்னுக்கு 7 முறை.

ஸ்கோர்: ஜீலாங் 233, மெல்பர்ன் 47. வித்தியாசம் 186.

இந்த எண்ணை மெல்பர்ன் அணியின் ரசிகர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். தேதி, எதிரணி, மைதானம் எதுவும் சொல்ல வேண்டாம். '186' என்று மட்டும் சொன்னால் போதும், முகம் மாறிவிடும். இந்தக் கட்டுரை அந்த எண்ணைப் பற்றியது. அதைவிட, தோற்றுப்போன ஒரு கூட்டம் தன் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதைப் பற்றியது.

*

முதலில் 186 என்றால் என்ன என்று புரிந்துகொள்வோம். நமக்குத் தெரிந்த கால்பந்து வேறு, இது வேறு. நீள்வட்டமான கிரிக்கெட் மைதானத்தில் ஆடப்படுவது. பக்கத்துக்கு 18 பேர். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி. ஓரக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே போனால் 1 புள்ளி. இருபது நிமிடக் கால்பகுதிகள் நான்கு. பந்து ஓய்ந்து நிற்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்வதால் ஆட்டம் இரண்டு மணி நேரத்தைத் தொடும். உள்ளூர்க்காரர்கள் செல்லமாக 'ஃபூட்டி' என்பார்கள்.

இந்த விளையாட்டில் நூறு புள்ளி அடிப்பதெல்லாம் சாதாரணம். ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றால் 'சரியான அடி' என்பார்கள். நூறைத் தாண்டினால் வாரம் முழுக்கப் பேச்சு. 186 என்பது 31 கோல் வித்தியாசம். ஜீலாங் சராசரியாக மூன்றேகால் நிமிடத்துக்கு ஒரு கோல் போட்டுக்கொண்டே இருந்தது. இடைவேளையிலேயே வித்தியாசம் நூறைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகும் பாதி ஆட்டம் பாக்கி! கிரிக்கெட்டில் 60 ரன்னுக்கு ஆல் அவுட் ஆனால் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே அப்படி இல்லை. கடைசி சைரன் அடிக்கும்வரை நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்து மறுபடி மைதானத்தின் நடுவுக்கு வரும், அம்பயர் மறுபடி அதை மேலே எழுப்புவார், மறுபடி முதலிலிருந்து.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு மெல்பர்ன் ஒன்றும் கடைசி இடத்து அணி இல்லை. பருவம் முடிந்தபோது 8 வெற்றி, 1 சமன், 13 தோல்வி. பதினேழு அணிகளில் பதின்மூன்றாவது இடம். அதாவது சுமார். 'இன்னும் ரெண்டு வருஷத்துல நாம வந்துடுவோம்' என்று ரசிகர்கள் நம்பிக்கொண்டிருந்த சுமார்.

அடுத்த வாரம் அதே ஜீலாங் அணி, புதிதாக லீகில் சேர்ந்த கோல்ட் கோஸ்ட் அணியை 150 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. அதை இன்று யாரும் பெரிதாக ஞாபகம் வைத்திருப்பதில்லை. கோல்ட் கோஸ்டுக்கு அது முதல் ஆண்டு. குழந்தை விழுந்தால் யார் கோபப்படப் போகிறார்கள்? அந்தப் பருவத்தின் கோப்பையையே ஜீலாங்தான் வென்றது, அது அவ்வளவு பெரிய அணி. ஆனால் அந்த நியாயத்தை மெல்பர்ன் ரசிகர்களிடம் சொல்லியிருந்தால் யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். தோல்வி எவ்வளவு பெரியது என்பதை ஸ்கோர் போர்டு சொல்லிவிடும். எவ்வளவு வலிக்கும் என்பது, அதற்கு முன்பு என்ன நம்பினோம் என்பதைப் பொறுத்தது.

*

மெல்பர்ன் ரசிகர்கள் எதை நம்பினார்கள்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எம்சிஜி நமக்குக் கிரிக்கெட் வழியாகத் தெரிந்த மைதானம். 1858இல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்கள் சும்மா இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு ஃபுட்பால் கிளப் வேண்டும் என்பது அதன் சாரம். மறு ஆண்டு, 1859 மே மாதம், அவரும் இன்னும் சிலரும் உட்கார்ந்து விதிகளை எழுதினார்கள். அவை மெல்பர்ன் கிளப்பின் விதிகள். இன்று நாம் பார்க்கும் ஃபூட்டி அதிலிருந்து வளர்ந்ததுதான். ஆக, இந்த அணியின் ரசிகர்கள் 'எங்க டீம் இந்த ஆட்டத்தை நல்லா ஆடும்' என்று மட்டும் சொல்வதில்லை. 'இந்த ஆட்டமே எங்களோடது' என்கிறார்கள்.

அந்தப் பெருமைக்கு ஒரு பொற்காலமும் இருந்தது. நார்ம் ஸ்மித் பயிற்சியாளராக இருந்தபோது 1955, 56, 57, 59, 60, 64 என்று பத்து ஆண்டுகளில் ஆறு கோப்பைகள். 1964 இறுதிப் போட்டியில் காலிங்வுட்டை நான்கு புள்ளியில் வென்றார்கள். கிளப்பின் பன்னிரண்டாவது கோப்பை அது.

அதன் பிறகு நடந்ததுதான் கதை. அந்த அணியின் உயிர்நாடியான ரான் பராசி கார்ல்டன் அணிக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு, 1965 ஜூலையில், ஆறு கோப்பைகளை வாங்கிக் கொடுத்த நார்ம் ஸ்மித்தை நிர்வாகம் வேலையை விட்டுத் தூக்கியது. நகரமே கொந்தளித்தது. சில நாட்களில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஆனால் உடைந்தது ஒட்டவில்லை. அதற்குப் பிறகு 22 பருவங்கள் மெல்பர்ன் ஃபைனல்ஸ் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ரசிகர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: நார்ம் ஸ்மித்தின் சாபம்.

சாபம் என்ற சொல்லைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். சாபம் என்பது, தப்பு நம்முடையது என்று ஒத்துக்கொள்வதற்கான ஒரு வழி. 'நாம ஒரு நல்ல மனுஷனை அவமானப்படுத்தினோம், அதுக்கு அனுபவிக்கிறோம்' என்று அந்தக் கதை சொல்கிறது. நம்முடைய பழைய கதைகளில் வருகிற சாபங்களும் பெரும்பாலும் இந்த ரகம்தானே?

*

அங்கே கிளப்புகள் இயங்கும் விதத்தையும் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கோபம் புரியும். ஐபிஎல் போல ஒரு முதலாளி இருந்தால் அவரைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். மெல்பர்ன் நகரத்தின் பழைய கிளப்புகளுக்கு அப்படி முதலாளி கிடையாது. உறுப்பினர்கள்தான். ஆண்டுக்கு ஆண்டு சந்தா கட்டுகிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள். பல வீடுகளில் பிள்ளை பிறந்ததுமே உறுப்பினர் அட்டை வாங்கிவிடுவார்கள். எந்த அணி என்பது அப்பா வழியிலோ அம்மா வழியிலோ வந்து சேர்கிறது. மாற்றிக்கொள்வது அநாகரிகம்.

1996இல் இந்த ஓட்டுரிமைக்கு ஒரு சோதனை வந்தது. கடன் தொல்லையால் மெல்பர்னும் ஹாதார்னும் ஒரே அணியாக இணையும் திட்டம். இரு கிளப்புகளின் உறுப்பினர்களும் ஓட்டுப் போட வேண்டும். ஹாதார்னின் பழைய கேப்டன் டான் ஸ்காட், இணைந்த அணிக்கென வடிவமைத்த ஜெர்சியை மேடையில் எடுத்துக் காட்டி, அதில் ஒட்டியிருந்த பருந்துச் சின்னத்தைச் சட்டென்று பிய்த்தார். மிச்சம் இருந்தது மெல்பர்ன் ஜெர்சி! 'இதுக்குப் பேர் இணைப்பா?' என்று கேட்காமல் கேட்டார். ஹாதார்ன் உறுப்பினர்கள் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள். திட்டம் செத்தது.

மெல்பர்ன் உறுப்பினர்கள்? சிறிய பெரும்பான்மையில் சரி என்று ஓட்டுப் போட்டிருந்தார்கள். அதாவது, ஃபுட்பாலைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்ட கூட்டம், தன் பெயர் பாதியாவதற்குச் சம்மதித்தது. இன்று அந்த அணி தனியாக இருப்பது எதிர்க் கிளப்காரர்களின் பிடிவாதத்தால்தான்.

மெல்பர்ன் ரசிகர்களைப் பற்றி ஊரில் ஒரு கேலி உண்டு. பணக்காரர்கள், டீம் தோற்க ஆரம்பித்தால் ரேஞ்ச் ரோவரை எடுத்துக்கொண்டு பனிச்சறுக்கு விளையாட மலைக்குப் போய்விடுவார்கள் என்பது. ஃபூட்டி பருவமும் பனிக்காலமும் ஒன்று என்பதால் கேலி நன்றாகப் பொருந்திவிட்டது. கேலியில் எவ்வளவு உண்மை இருந்தாலும், 186 அன்று அது ரசிகர்களின் மேல் இரட்டைப் பாரமாக விழுந்தது. தோற்றது போதாதென்று, 'நீங்க என்ன உண்மையான ரசிகரா?' என்ற கேள்வியையும் சுமக்க வேண்டியிருந்தது.

*

இனி வருவதுதான் இந்தக் கதையின் கசப்பான பகுதி.

ஏஎஃப்எல்லில் ஆண்டுதோறும் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடக்கும். கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கு முதல் வாய்ப்பு. பலவீனமானவர்களுக்குக் கை கொடுக்கிற நல்ல ஏற்பாடுதான். அப்போது அதில் கூடுதலாக ஒரு விதி இருந்தது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நான்கு வெற்றிக்கு மேல் பெறாத அணிக்கு, முதல் சுற்று தொடங்குவதற்கு முன்பே சிறப்புத் தேர்வு ஒன்று கிடைக்கும். நாட்டின் முதலிரண்டு இளைஞர்களும் ஒரே அணிக்கு வந்து சேரலாம்.

2008இல் டீன் பெய்லி மெல்பர்னின் பயிற்சியாளர் ஆனார். அந்த ஆண்டு 3 வெற்றி, கடைசி இடம். 2009இல் எத்தனை வெற்றி? சரியாக நான்கு. ஐந்தாவதை வென்றிருந்தால் அந்தச் சிறப்புத் தேர்வு போயிருக்கும். அந்தப் பருவத்தில் ரிச்மண்டுக்கு எதிரான ஒரு ஆட்டம். வழக்கமான இடங்களில் ஆடாத வீரர்கள், விளங்காத மாற்றங்கள். கடைசி சைரனுக்குப் பிறகு ரிச்மண்ட் வீரர் ஒருவர் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. மெல்பர்ன் நான்கு புள்ளியில் தோற்றது.

அன்று மெல்பர்ன் ரசிகர்கள் எல்லோரும் அழவில்லை என்பதுதான் சங்கடமான உண்மை. கணக்குத் தெரிந்தவர்கள் உள்ளுக்குள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். 'இப்ப தோத்தா நல்லது, அப்புறம் பத்து வருஷம் நாமதான்' என்ற தர்க்கம். வேண்டுமென்றே தோற்பதற்கு அங்கே 'டேங்கிங்' என்று பெயர். மெல்பர்ன் மட்டுமா அப்போது அந்தச் சந்தேகத்துக்கு ஆளானது? இல்லை. ஆனால் மெல்பர்னின் பெயரோடுதான் அது ஒட்டிக்கொண்டது.

டிராஃப்டில் முதல் இரண்டு தேர்வுகளும் கிடைத்தன. டாம் ஸ்கல்லி, ஜாக் டிரெங்கோவ் என்ற இரண்டு பையன்கள். இவர்கள்தான் எதிர்காலம் என்று எல்லோரும் பேசினார்கள். 2011 முடிவில் ஸ்கல்லி புதிதாகத் தொடங்கிய ஜிடபிள்யூஎஸ் அணிக்குப் போய்விட்டார். டிரெங்கோவை இருபது வயதில் கேப்டனாக்கினார்கள். மூழ்குகிற படகின் துடுப்பைச் சின்னப் பையன் கையில் கொடுத்த மாதிரி. பின்னாளில் கோப்பை வந்தபோது இருவருமே அந்த அணியில் இல்லை.

கார்டினியா பார்க்கில் அன்று நடந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரு கிளப் இரண்டு ஆண்டுகள் தோல்வியை லாபமாகக் கணக்கு எழுதியது. அந்தச் சூழலில் பத்தொன்பது இருபது வயதுப் பையன்கள் வளர்ந்தார்கள். வெற்றிக்காக எலும்பை உடைத்துக்கொள்கிற பழக்கத்தை அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? தோற்கப் பழகிவிட்டு, ஒரு நல்ல நாள் பார்த்து ஜெயிக்கத் தொடங்கிவிடலாம் என்று போட்ட திட்டத்தின் மேல்தான் 37 கோல்கள் விழுந்தன.

*

தோற்ற மறுநாளே டீன் பெய்லியை நீக்கும் முடிவு வந்துவிட்டது. 186 என்ற எண்ணுக்கு ஒரு தலை தேவைப்பட்டது. அவருடைய தலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 'கோச்சை மாத்துங்க' என்பது உலகத்தின் எல்லா மைதானங்களிலும் எல்லா மொழிகளிலும் ஒலிக்கிற கோஷம்.

விடைபெறும் செய்தியாளர் சந்திப்பில் பெய்லி அமைதியாகப் பேசினார். முதல் இரண்டு ஆண்டுகள், டிராஃப்ட் தேர்வுகளுக்குக் கிளப் நல்ல இடத்தில் இருப்பதை உறுதிசெய்யத் தாம் தயங்கவில்லை என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னார். ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் அதுவரை ஊர் வாயில் வதந்தியாக இருந்தது அன்று செய்தியானது. மறு ஆண்டு, 2009இல் மெல்பர்னுக்கு ஆடிய வீரர் ஒருவர் தொலைக்காட்சியில் மனம் திறக்க, விசாரணை தொடங்கியது. 2013 பிப்ரவரியில் தீர்ப்பு. வேண்டுமென்றே தோற்றதாகக் கிளப் மேல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் 5 லட்சம் டாலர் அபராதம். நிர்வாகி ஒருவருக்கு ஓராண்டுத் தடை. வேறு அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்த பெய்லிக்கு 16 வாரத் தடை. தோற்கவும் இல்லையாம், தண்டனையும் உண்டாம். ரசிகர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பெய்லி 2014 மார்ச்சில் நுரையீரல் புற்றுநோயால் இறந்துபோனார். வயது 47.

அவரை நீக்கியதால் அணி தேறியதா? அதையும் பார்த்துவிடலாம். புதுப் பயிற்சியாளர் வந்தார். 2012இல் நான்கே வெற்றி. 2013இன் இரண்டாவது ஆட்டத்தில், சொந்த மைதானமான எம்சிஜியில், எஸ்ஸெண்டனிடம் 148 புள்ளியில் தோல்வி. ஜூனில் அந்தப் பயிற்சியாளரும் நீக்கப்பட்டார். தலைகள் உருண்டன, நோய் அப்படியே இருந்தது. 1965இல் செய்ததைத்தான் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள்.

ரசிகனின் கோபத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழையிலும் குளிரிலும் நின்று பார்த்தவனுக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்துக்கு ஒரு பழக்கம் உண்டு: மிக அருகில் இருப்பவர் மேல் பாய்வது. தோற்க வைக்கிற விதியை எழுதியவர்கள் தூரத்தில் இருந்தார்கள். 2009இல் தோல்வியை வரவேற்ற மனம் இன்னும் பக்கத்தில் இருந்தது, நெஞ்சுக்குள்ளேயே இருந்தது. அதன் மேல் மட்டும் யாரும் பாயவில்லை.

*

இதே கிளப்பில், தப்பு செய்த ஒருவரை வேறு விதமாக நடத்திய கதையும் உண்டு.

ஜிம் ஸ்டைன்ஸ் டப்ளினில் பிறந்த ஐரிஷ்காரர். அயர்லாந்தின் கேலிக் ஃபுட்பால் ஆடும் பையன்களைக் கொண்டுவந்து ஃபூட்டி கற்றுக்கொடுக்கலாம் என்று, பயிற்சியாளராகத் திரும்பி வந்திருந்த பராசியின் காலத்தில் ஒரு முயற்சி நடந்தது. அதில் 1984இல் வந்து சேர்ந்தவர். 1987இல், 22 பருவ வறட்சிக்குப் பிறகு மெல்பர்ன் ஃபைனல்ஸுக்கு வந்தது. இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டத்தில் ஹாதார்னை விட முன்னிலை. கடைசி நொடிகள். எதிரணி வீரர் கேரி பக்கனாரா தொலைவிலிருந்து உதைக்கத் தயாராகிறார். அந்த நேரத்தில், விதியை மறந்து, ஸ்டைன்ஸ் அவருக்கு முன்னால் குறுக்கே ஓடினார். 15 மீட்டர் அபராதம். சைரனுக்குப் பிறகு பக்கனாரா நெருங்கி வந்து உதைத்தார். கோல். மெல்பர்ன் 2 புள்ளியில் வெளியேறியது.

இருபத்திரண்டு பருவக் காத்திருப்பைக் குறுக்கே ஓடிக் கெடுத்த பையன்! அவனை ஊருக்கே திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1991இல், லீகின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை அவர் வாங்கினார். தொடர்ச்சியாக 244 ஆட்டங்கள் ஆடினார். ஓய்வுக்குப் பிறகு, 2008இல், கிளப் கடனில் தத்தளித்தபோது தலைவராக வந்தார். மறு ஆண்டு அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவிலேயே உறுப்பினர்களிடமும் வசதியுள்ள ரசிகர்களிடமும் பணம் திரட்டி, 2010இல் கடனை அடைத்தார்.

186 நடந்தபோது தலைவர் அவர்தான். டேங்கிங் நடந்ததாகச் சொல்லப்பட்ட 2009இலும் அவர்தான் தலைவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நல்ல மனிதர்கள் இருக்கும் இடத்திலும் தவறான கணக்கு நடக்கிறது. 2012 மார்ச் 20 அன்று ஸ்டைன்ஸ் இறந்தார். அரசு மரியாதையோடு அடக்கம். அந்த மாதக் கடைசியில் எம்சிஜியில் நடந்த முதல் ஆட்டத்தில், அவர் நினைவோடு இறங்கிய மெல்பர்ன் தோற்றுத்தான் போனது. சினிமாவாக இருந்தால் ஜெயித்திருப்பார்கள்.

*

2021. கோவிட் காலம். மெல்பர்ன் நகரம் தன் ஆறாவது ஊரடங்கில் இருந்தது.

ஆகஸ்ட் 21 அன்று, பருவத்தின் கடைசிச் சுற்று. எதிரணி ஜீலாங். மைதானம் கார்டினியா பார்க். ஆமாம், அதே இடம். கேலரியில் ஒரு ரசிகர்கூட இல்லை. மூன்றாவது கால்பகுதியில் மெல்பர்ன் 44 புள்ளி பின்தங்கியது. வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பழைய ரசிகர்களுக்கு அந்தக் காட்சி எங்கே கொண்டுபோயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு ஒன்றொன்றாகத் திரும்ப எடுத்தார்கள். கடைசியில் கேப்டன் மாக்ஸ் கான் கையில் பந்து. சைரன் அடித்துவிட்டது. உதைத்தார். கோல். நான்கு புள்ளி வெற்றி. 1964க்குப் பிறகு முதல் முறையாகப் பட்டியலில் முதலிடம். கேலரியில் கத்த ஆளில்லாததால் வீரர்களின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

மூன்று வாரம் கழித்து, பெர்த் நகரில், அதே ஜீலாங்கை இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டத்தில் 83 புள்ளியில் வென்றார்கள். செப்டம்பர் 25 அன்று, பெர்த்திலேயே, வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்கு எதிராக இறுதிப் போட்டி. மூன்றாவது கால்பகுதியில் 19 புள்ளி பின்தங்கியவர்கள், 74 புள்ளியில் வென்றார்கள். 140 - 66. ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்துப் பதின்மூன்றாவது கோப்பை. ஆட்டத்தின் சிறந்த வீரர் மெல்பர்னின் கிறிஸ்டியன் பெட்ராக்கா. இறுதிப் போட்டியில் சிறந்தவருக்குத் தரும் அந்தப் பதக்கத்தின் பெயர் நார்ம் ஸ்மித் பதக்கம்.

மேற்கு ஆஸ்திரேலியா எல்லையை மூடியிருந்தது. 186ஐத் தாங்கியவர்கள், 148ஐத் தாங்கியவர்கள், 1964ஐச் சின்ன வயதில் பார்த்துவிட்டுக் காத்திருந்தவர்கள், ஏறக்குறைய எல்லோருமே 2,700 கிலோமீட்டர் தள்ளி, அவரவர் வீட்டு ஹாலில் அடைபட்டிருந்தார்கள். எம்சிஜி காலியாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டிப்பிடிக்கக்கூட சட்டம் அனுமதிக்கவில்லை.

வீரர்களிலும் அப்படி ஒருவர் இருந்தார். நேதன் ஜோன்ஸ். 2006இல் அறிமுகமாகி 302 ஆட்டங்கள் ஆடியவர். பெரும்பாலானவை தோல்விகள். இருண்ட ஆண்டுகளில் அணியை விட்டு ஓடாமல் நின்று, கேப்டனாகவும் இருந்தவர். கோப்பை வந்த ஆண்டின் இறுதியில் அவர் ஆடும் பதினெட்டில் இல்லை. மனைவிக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறக்கும் நேரம் என்று இறுதிப் போட்டிக்கு முன்பே பெர்த்தை விட்டு வீடு திரும்பிவிட்டார். லட்சக்கணக்கான ரசிகர்களைப் போலவே அவரும் மெல்பர்னில் இருந்தார்.

*

கடைசியாக ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

186 என்பது லீக் வரலாற்றில் இரண்டாவது பெரிய தோல்வி. முதலாவது எது தெரியுமா? 1979 ஜூலை 28, வேவர்லி பார்க் மைதானம், 190 புள்ளி வித்தியாசம். 238 - 48. தோற்ற அணி, சந்தேகமே வேண்டாம், மெல்பர்ன்தான். வென்ற அணி ஃபிட்ஸ்ராய்.

1883இல் தொடங்கி எட்டுக் கோப்பைகள் வென்ற, உழைக்கும் மக்கள் வாழ்ந்த பேட்டையின் கிளப் ஃபிட்ஸ்ராய். 1979இல் அந்த வெற்றியைப் பார்த்தவர்கள் தங்கள் அணிக்கு என்ன ஆகும் என்று நினைத்திருப்பார்கள்? பதினேழே ஆண்டுகள். சொந்த மைதானம் இல்லை, பணம் இல்லை, பசிபிக் தீவான நவ்ருவிடம் கூடக் கடன். 1996 ஆகஸ்டில் எம்சிஜியில் ரிச்மண்டுக்கு எதிராக மெல்பர்ன் மண்ணில் தன் கடைசி ஆட்டத்தை ஆடியது. 151 புள்ளியில் தோற்றது. அன்று கேலரியில் 'கோச்சை மாத்துங்க' என்று கத்த யாருக்கும் அவசியம் இல்லாமல் போயிருந்தது. மாற்றுவதற்கு அடுத்த ஆண்டு அணியே இருக்காது. செப்டம்பர் 1 அன்று பெர்த்தில் இன்னொரு தோல்வி, 86 புள்ளி. அத்தோடு சரி. அணி பிரிஸ்பேனோடு சேர்க்கப்பட்டது.

அந்த ஆண்டுதான் மெல்பர்னும் பாதிப் பெயராகப் பார்த்து, வேறு யாரோ போட்ட ஓட்டில் தப்பித்தது.

190 புள்ளியில் வென்ற அணி இன்று தனியாக இல்லை. 190லும் 186லும் தோற்ற அணி இருக்கிறது. இதில் நீதி எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் 2011 ஜூலை 30 அன்று, இடைவேளையில் எழுந்து கார் நிறுத்துமிடத்துக்கு நடந்த மெல்பர்ன் ரசிகருக்குத் திட்டுவதற்கு ஒரு அணி இருந்தது. 'இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்' என்று சொல்லிவிட்டு அடுத்த சனிக்கிழமை போய் உட்கார ஒரு இடமும் இருந்தது. ஃபிட்ஸ்ராய்க்காரர்களுக்கு அது இல்லை.